பயன்பாட்டு வகை: மற்றவை

பெர்கனில் ஆண்டுக்கு இருநூறு நாள் மழை.
மீதி நாட்களில் மழை வரப்போகிறது.
துறைமுகத்துக்கு மேலே, இரண்டு மேசை மட்டும் கொள்ளும் அறையில்
தூருன் எழுத்துரு வரைகிறாள்.
அதை யார், எங்கே, எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று
பதில் எழுதும் வேலை எனக்கு.

எழுத்தை நாங்கள் விற்பதில்லை.
இதைத்தான் தினமும் நாலு பேருக்கு விளக்குகிறேன்.
விற்பது அனுமதி.
ஒரு கணினிக்கு ஒரு விலை, ஐந்துக்கு வேறு.
வலைத்தளம் என்றால் மாதத்துக்கு எத்தனை பார்வை என்று எண்ணி.
செயலிக்குள் புதைத்தால் தனிக் கணக்கு.
சுவரொட்டி அடிக்கலாம், கல்யாணப் பத்திரிகை அடிக்கலாம்,
எழுத்துருக் கோப்பை நண்பனுக்கு அனுப்பக் கூடாது.
"நண்பன்தானே" என்பது
எந்த உட்பிரிவிலும் இல்லை.

போன வாரம் ஒரு தயிர் கம்பெனி
மூடியில் போட்டு, சின்னமாகவும் பதிந்துவிட்டு
இலவசம் என்று நினைத்தோம் என்றது.
வீட்டு உபயோகத்துக்கு இலவசம்தான்.
வீட்டில் உறை ஊற்றியிருந்தால்
நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோம்.

செவ்வாய்க்கிழமை வந்தது வைடோடஸின் மின்னஞ்சல்.
லிதுவேனியாவில் பனேவெழிஸ் ஊர்.
கல்லறைக் கல் செதுக்குகிறவர்.
ஒரு கணினி உரிமம், ரசீது எண் சரி.
"ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன்" என்று தொடங்கியிருந்தார்.
ஆறு வருடத்தில் அப்படிச் சொன்ன முதல் ஆள்.

"கல், அச்சில் சேருமா?
பார்வைகளை எண்ண வேண்டுமென்றால்:
ஞாயிறுதோறும் அவள் கணவர் வருகிறார்.
நவம்பர் தொடக்கத்தில் மெழுகுவத்தியோடு ஊரே வரும்.
மற்ற நாட்களில் அணில்.
உரிமம் எத்தனை வருடத்துக்கு?
கருங்கல், உங்களையும் என்னையும் தாண்டி நிற்கும்."

ஒரு வரி இடம் விட்டு
குற்றத்தையும் ஒப்புக்கொண்டிருந்தார்.

"இறந்தவள் பெயர் ஸ்கிர்மாந்தே.
கடைசி எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வேண்டும்.
உங்கள் எழுத்துருவில் அது இல்லை.
மாற்றவோ சேர்க்கவோ கூடாது என்கிறது நான்காம் உட்பிரிவு.
கோப்பைத் தொடவில்லை.
துளைக்கருவியால் கல்லிலேயே வைத்துவிட்டேன்.
வைக்காமல் விட்டால்
எங்கள் மொழியில் அது பெயராக நிற்காது, விளியாகிவிடும்.
ஸ்கிர்மாந்தெ, ஸ்கிர்மாந்தெ என்று
பனியிலும் கல் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.
அவள் கணவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது.
அபராதம் எவ்வளவு?"

வாசித்துக் காட்டினேன்.
தூருன் நானூற்றுப் பன்னிரண்டு வடிவங்கள் வரைந்திருந்தாள்.
அம்புக்குறி எட்டுத் திக்குக்கும்.
பனித்துகள் மட்டும் மூன்று விதம்.
"அந்த மொழி எத்தனை பேருக்கு?"
முப்பது லட்சம் இருக்கும் என்றேன்.
காப்பி ஆறும்வரை பனித்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பதில் எழுதினேன்:
கல், அச்சில் சேரும். காலவரம்பு இல்லை.
அணில்களைக் கணக்கில் எடுப்பதில்லை.
நான்காம் உட்பிரிவு கோப்பைப் பற்றியது,
கல் உங்களுடையது.
"மன்னிக்கவும் என்று சேர்" என்றாள் பின்னாலிருந்து.
வக்கீல் வேண்டாமென்பார் என்றேன்.
சேர்த்தேன்.

அன்று இரவு அவள் அந்த எழுத்தை வரைந்தாள்.
ஒரே ஒரு புள்ளி, மூன்று மணி நேரம்:
பெரிதாக வைத்தால் பூச்சி, சிறிதாக வைத்தால் தூசி.
புதிய பதிப்பை வைடோடஸுக்கு அனுப்பியதில்
கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம்.

அவர் திரும்ப அனுப்பியது ஒரு புகைப்படம்.
ஈரக் கல். அவருடைய புள்ளி
மயிரிழை இடப்பக்கம் விலகியிருந்தது.
தூருன் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"வழுக்கியிருக்கிறது" என்றாள். பிறகு,
"இல்லை, பொறு" என்றாள்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

படிவத்தை மூட வேண்டும்.
பயன்பாட்டு வகை: பட்டியலில் கல் இல்லை,
"மற்றவை" என்று குறித்தேன்.
பயனர் எண்ணிக்கை கட்டாயம் நிரப்ப வேண்டிய இடம்.
ஒன்று என்று போட்டேன்,
யாரை எண்ணினேன் என்று தெரியாமலே.

அடுத்த மின்னஞ்சல்:
ஒரு பேருந்து முழுக்கச் சுற்ற வேண்டுமாம்,
இரண்டு பக்கமும்,
பீர் விளம்பரம்.